பட்டம் பெறாத ஆய்வேடு: இயற்பியலர் அன்னா மணியும் அளவைக்கருவிகளின் சுதேசியமும்

ஆய்வுச் சுருக்கம்

சர் சி. வி. ராமனின் பெங்களூர் ஆய்வகத்தில் வைரங்களின் நிறமாலைகளை ஆராய்ந்த அன்னா மணிக்கு, முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்க மறுத்தது. பின்னர் அவர் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அவரது வாழ்வை ‘இழந்த இயற்பியல்’ என்றும் ‘வென்ற வானிலையியல்’ என்றும் இரண்டாகப் பிரித்துக் காணும் வழக்கத்தை இக்கட்டுரை மறுக்கிறது. வைர ஆய்வில் அவர் கைக்கொண்ட அளவீட்டு ஒழுக்கமே பிற்காலக் கருவிப் பணியின் அடித்தளம் என்பதும், அப்பணியை ஆய்வுப்பணியாகவே மதிப்பிடவேண்டும் என்பதும் இதன் வாதங்கள். கருவித் தரப்படுத்தத்தின் பயனை விளக்கத் தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியின் மானாவாரி வேளாண்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அன்னா மணி, சி. வி. ராமன், சென்னைப் பல்கலைக்கழகம், வைர நிறமாலை, வானிலைக் கருவிகள், சுதேசியம், பாப்பாரப்பட்டி

முன்னுரை

இந்தியப் பெண் அறிவியலாளர்களைப் பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் ‘முதல் பெண்மணி’ என்னும் அடைமொழியிலேயே நின்றுவிடுகின்றன. யார் முதலில் பட்டம் பெற்றார், யார் முதலில் பதவி பெற்றார் என்னும் பட்டியலுக்கு அப்பால், அவர் செய்த அறிவியல் யாது என்னும் வினா எழுப்பப்படுவதில்லை. அன்னா மணியைப் பொறுத்தவரை இக்குறை இரட்டிப்பாகிறது. அவர் முனைவர் பட்டம் பெறாதவர். பல்கலைக்கழகத் துறை எதற்கும் தலைமை ஏற்காதவர். கோட்பாடு எதற்கும் தம் பெயரை இடாதவர். கருவிகளைச் செய்வித்தார், அவற்றை ஒப்பிட்டுச் சரிபார்த்தார், அவை தந்த எண்களைத் தொகுத்தார். இத்தகைய பணியை வரலாற்றில் எங்கே வைப்பது என்பதில் ஆய்வாளர்களிடையே தயக்கம் இருந்துவந்துள்ளது.

அவருக்குப் பட்டம் மறுக்கப்பட்ட நிகழ்வும் அதன் பின்புலமும் முதலில் ஆராயப்படுகின்றன. அடுத்து, அவரது கருவிப்பணி மழையை நம்பிய சிற்றூர் ஒன்றின் நோக்கிலிருந்து அணுகப்படுகிறது.

பீர்மேட்டிலிருந்து சென்னைக்கு

அன்னா மொடயில் மணி 1918 ஆகஸ்ட் 23 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பீர்மேட்டில் பிறந்தார். தந்தையார் பொதுப்பணிப் பொறியாளர்; ஏலத் தோட்டங்கள் உடையவர்; சிரியன் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தும் ஐயவாதி. எட்டுப் பிள்ளைகளுள் அன்னா ஏழாமவர். ஆண்மக்களை உயர்பதவிகளுக்கும் பெண்மக்களைத் திருமணத்திற்கும் ஆயத்தப்படுத்துவது அத்தகைய வசதிபடைத்த குடும்பங்களின் நடைமுறை. எட்டாவது பிறந்தநாளுக்கு வழங்கப்பட்ட வைரத்தோட்டை மறுத்து என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தொகுதிகளை அவர் கேட்டுப் பெற்ற செய்தி எல்லா வாழ்க்கைக் குறிப்புகளிலும் இடம்பெறுகிறது. வைரத்தை மறுத்த சிறுமி பின்னாளில் வைரத்தையே ஆராய்ந்தார் என்னும் ஒப்புமை கவர்ச்சியானது; வரலாற்று விளக்கமாக அதற்குப் பயன் குறைவு. அக்குடும்பத்தில் பெண் குழந்தை தன் விருப்பத்தைச் சொல்லவும், சொன்னதை அடையவும் இடம் இருந்தது என்பதே அச்செய்தியிலிருந்து கொள்ளத்தக்கது.

1925-இல் வைக்கம் போராட்டத்தின்போது காந்தியடிகள் திருவிதாங்கூருக்கு வந்தார். அதன் தாக்கத்தால் அன்னா மணி கதர் உடுத்தத் தொடங்கினார். அப்பழக்கத்தை வாழ்நாள் முழுவதும் கைவிடவில்லை. அதே ஆண்டு ஜூலை 23 அன்று, வ. உ. சிதம்பரனாருடன் 1908-இல் சிறைப்பட்டவரும் சிறையில் தொழுநோய் கண்டவருமான சுப்பிரமணிய சிவா, தாம் பாரதமாதா ஆசிரமம் அமைத்திருந்த பாப்பாரப்பட்டியில் மறைந்தார். இவ்விரு செய்திகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் சுதேசியம் என்னும் சொல் அவ்வாண்டுகளில் கப்பலிலிருந்தும் துணியிலிருந்தும் மெல்ல மெல்லத் தொழிற்கூடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் நகர்ந்துகொண்டிருந்தது என்பதை நினைவிற்கொள்வது, அன்னா மணியின் பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலும் வேதியியலும் பயின்று 1939-இல் இளம் அறிவியல் சிறப்புப் பட்டம் பெற்றார். 1940-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆய்வு செய்வதற்கான உதவித்தொகை கிடைத்தது. ராமனின் இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

ராமனின் ஆய்வகத்தில் பெண்கள்

ராமனிடம் அக்காலத்தில் பயின்ற பெண்கள் மூவரே: லலிதா துரைசாமி, சுனந்தா பாய், அன்னா மணி. லலிதாவும் சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். ராமனின் ஆய்வகத்தில் குறுகிய காலமே இருந்தார். 1936-இல் ராமனின் தமையனார் மகனாகிய எஸ். சந்திரசேகரை மணந்து அயல்நாடு சென்றதோடு அவரது ஆய்வு வாழ்வு முடிவுற்றது. ஒளிச்சிதறலை ஆராய்ந்து தனித்துக் கட்டுரைகள் வெளியிட்ட சுனந்தா பாய், பட்டம் பெறாமலே இளமையில் மறைந்தார்.

இந்திய அறிவியல் கழகத்தில் பெண்கள் நுழைவதே எளிதாக இருக்கவில்லை. 1933-இல் உயிர்வேதியியல் பயில வந்த கமலா பாகவத்தை—பின்னாளில் கமலா சோஹோனி—ராமன் முதலில் ஏற்க மறுத்தார். பின்னர் நிபந்தனைகளோடு ஏற்றார். அன்னா மணி சேர்ந்தபோது கதவு திறந்திருந்தது. ஆனால் உள்ளே தடுப்புகள் இருந்தன. இவ்வாய்வகத்தின் சமூக வரலாற்றை எழுதிய அபா சூர், ஆண் மாணவரும் பெண் மாணவரும் பழகுவதை ராமன் விரும்பவில்லை என்றும், அதனால் பெண்கள் பெரும்பாலும் தனித்தே பணியாற்ற நேர்ந்தது என்றும் காட்டுகிறார். இயற்பியல் ஆய்வில் நடைபாதை உரையாடலுக்கும் தேநீர் வேளை வாதத்திற்கும் உள்ள பங்கை அறிந்தோர் இத்தனிமையின் இழப்பை உணர்வர். பெண்ணொருத்தி கருவியைக் கையாள்கையில் நேரும் சிறு பிழையும் பெண்ணினத்தின் இயலாமைக்குச் சான்றாகப் பரப்பப்பட்டதை அன்னா மணியே அபா சூரிடம் நினைவுகூர்ந்துள்ளார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ராமன் அவருக்குத் தம் வைரங்களைத் தந்தார். முடிவுகளைத் தனியொருவராக வெளியிடவும் இடமளித்தார். ஆய்வு மேற்பார்வையாளர் தம் பெயரை மாணவர் கட்டுரையில் சேர்ப்பது இயல்பாகிவிட்ட இக்காலத்திலிருந்து நோக்கினால் இது சிறிய செய்தியன்று.

வைரங்கள் சொன்னது

1940-களின் முற்பகுதியில் ராமனின் ஆய்வகம் முழுவதும் வைரத்தில் ஆழ்ந்திருந்தது. படிக அணுக்களின் அதிர்வு குறித்து மாக்ஸ் பார்னுடன் ராமன் நடத்திய கருத்துப்போருக்கு வைரமே முதன்மைச் சான்றுப்பொருள். இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான வைரங்களை அவர் சேர்த்துவைத்திருந்தார். அவற்றுள் 30-க்கும் மேற்பட்டவற்றின் ஒளிர்வு, உட்கவர்வு, ராமன் நிறமாலைகளைப் பதிவுசெய்யும் பணி அன்னா மணியுடையது. மாணிக்கக் கற்களையும் ஆராய்ந்தார்.

அப்பணியின் இயல்பை விளக்குவது தேவை. சில வைரங்கள் புறஊதா ஒளியில் நீலமாகவும் சில பச்சையாகவும் ஒளிரும், சில ஒளிர்வதேயில்லை. ஒளிரும் ஒளியும் மிக மங்கலானது. அறைவெப்பநிலையில் அதன் நிறமாலைக் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே கல்லை நீர்மக் காற்றின் தாழ்வெப்பநிலையில் நிறுத்தி, நிறமாலைமானியின் ஒளிப்படத் தகட்டில் 15 முதல் 20 மணி நேரம் வரை ஒளியை வீழச்செய்ய வேண்டும். இடையில் வெப்பநிலை மாறினாலோ, கல் சிறிது நகர்ந்தாலோ, ஓர் இரவின் உழைப்பு வீணாகும். பல இரவுகளை அவர் ஆய்வகத்திலேயே கழித்தார். 1942-க்கும் 1945-க்கும் இடையே தனித்து ஐந்து கட்டுரைகளை வெளியிட்டார்.

அக்கட்டுரைகளில் நீல ஒளிர்வுடைய கற்களில் 4152 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்திலும் பச்சை ஒளிர்வுடையவற்றில் 5032 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்திலும் அமைந்த முதன்மைக் கோடுகளும், அவற்றைச் சார்ந்த பட்டைகளும், வெப்பநிலைக்கேற்ப அவை மாறும் விதமும் ஆராயப்பட்டன. இவ்வொளிர்வுக்கு என்ன காரணம் என்பதில் ராமன் ஒரு நிலைப்பாட்டை எடுத்திருந்தார்: அது மாசினால் வருவதன்று, வைரப் படிகத்தின் கட்டமைப்பு வேறுபாடுகளினாலேயே தோன்றுவது. ஆய்வகத்தார் அனைவரும் அவ்விளக்கத்திற்குள் நின்றே எழுதினர். 1959-இல் கைசர், பாண்ட் ஆகியோர் பல வைரங்களில் நைட்ரஜன் அணுக்கள் கலந்திருப்பதைக் காட்டியபின் அவ்விளக்கம் நிலைக்கவில்லை. 4152 கோடு, ஓர் அணுவின் வெற்றிடத்தைச் சூழ்ந்த மூன்று நைட்ரஜன் அணுக்களாலும், 5032 கோடு, வெற்றிடத்தோடு சேர்ந்த இரண்டு நைட்ரஜன் அணுக்களாலும் தோன்றுவன என்பது இன்று தெளிவாகியுள்ளது. மாணிக்க வணிகத்தில் இயற்கை வைரத்தை இனங்காணும் ஆய்வுக்கூடங்கள் இன்றும் முதலில் தேடும் அடையாளங்களுள் அந்த 4152—இன்றைய வழக்கில் 415 நானோமீட்டர்—கோடும் ஒன்று.

விளக்கம் வீழ்ந்தது, அளவீடு நின்றது. இவ்வேறுபாடு அன்னா மணியின் வாழ்வை மதிப்பிடுவதற்கு இன்றியமையாதது. ஆய்வகத்தின் புகழ் எந்தக் கோட்பாட்டைச் சார்ந்திருந்ததோ அது கைவிடப்பட்டபின்னும், தகட்டில் பதிந்த கோட்டின் இடம் மாறவில்லை.

பட்டம் மறுக்கப்பட்ட விதம்

1945 ஆகஸ்டில் தம் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அளித்தார். பெங்களூர்க் கழகத்திற்கு அந்நாளில் பட்டமளிக்கும் உரிமை இல்லை. 1958-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெறும்வரை, அங்கு ஆய்வு செய்தோர் பிற பல்கலைக்கழகங்களையே நாடவேண்டியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் காட்டிய காரணம் ஒன்றே: விண்ணப்பதாரர் முதுகலைப் பட்டம் பெற்றவரல்லர். சிறப்பு நிலை இளங்கலைப் பட்டமோ, போட்டியில் வென்ற உதவித்தொகையோ, அச்சேறிய ஐந்து கட்டுரைகளோ அதற்கு ஈடாகக் கொள்ளப்படவில்லை.

இதை வெறும் விதிமுறைச் செயலாகக் கொள்ளலாமா? விதி இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவ்விதியைக் கடக்கும் வழியும் இருந்தது. அதே ஆய்வகத்தில் அதே ஆண்டுகளில் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், பெங்களூரில் இருந்தபடியே ஆய்வேடு அளித்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டத்தைப் பெற்றார். பின்னர் 1947-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். ஆக, முதலில் ஓர் ஆய்வேட்டால் முதுகலை, அடுத்து ஓர் ஆய்வேட்டால் முனைவர் என்னும் படிக்கட்டு நடைமுறையில் இருந்திருக்கிறது. அன்னா மணி முதற்படியில் கால்வையாமல் இரண்டாம் படிக்குச் சென்றார். இத்தகைய படிக்கட்டுகள் விதிநூலில் மட்டும் இருப்பவையல்ல. மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்வதாலும், நெறியாளர் உரிய நேரத்தில் நினைவூட்டுவதாலும் கைமாறுபவை. சக மாணவர்களோடு பழக இடமற்ற பெண்ணுக்கு அச்செய்தி எவ்வழியே வந்து சேரும்? ஆய்வகத்தின் பிரிவினையும் பல்கலைக்கழகத்தின் விதியும் தனித்தனியே நோக்கத் தீங்கற்றவைபோலத் தோன்றலாம். இரண்டும் ஒருங்கே செயற்பட்டதன் விளைவாக அன்னா மணியின் ஆய்வேட்டைக் கருதுவதே பொருத்தமானது.

அந்த ஆய்வேடு பெங்களூர் இராமன் ஆய்வுக்கழக நூலகத்தில், பட்டம் பெற்ற பிற ஆய்வேடுகளைப் போலவே கட்டமைக்கப்பட்டு அவற்றோடு ஒன்றாக நிற்பதை அபா சூர் பதிவுசெய்துள்ளார்.

குறைசொல்லாத சான்றும் அதை வாசிக்கும் முறையும்

ஆய்வாளருக்குச் சிக்கலைத் தருவது அன்னா மணியின் சொந்தக் கூற்று. பட்டம் கிடைக்காமை தம் வாழ்வில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்றே அவர் முதுமையில் கூறினார். பல்கலைக்கழகத்தின்மீது கசப்புக் காட்டவில்லை. பெண்ணாக இருந்து இயற்பியல் பயின்றதை ஒரு சிறப்பாகப் பேசுவதையும் விரும்பவில்லை. அவ்வாறாயின் அநீதி என்று எழுதுவது அவர் வாய்மொழியை மீறுவதாகாதா?

இரு நிலைகளில் இதற்கு விடை தேடலாம். தாம் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கு ஒருவரது கூற்றே முதற்சான்று. ஆனால் நிறுவனம் எவ்வாறு நடந்தது என்பதற்கு அது ஒரு சான்று மட்டுமே. பிழைக்காகப் பெண்கள் ஏளனம் செய்யப்பட்டதைச் சொன்னவரும் அவரே. கோட்பாட்டு இயற்பியல் வகுப்பில் அமர்ந்த பெண்களுக்கு அது விளங்காது என்று கருதப்பட்டதைச் சொன்னவரும் அவரே. நிகழ்வுகளை மறைக்காமல் உரைத்தார். அவற்றைத் தம் வாழ்வின் விளக்கமாக்க மட்டும் மறுத்தார். அம்மறுப்பில் ஒரு தலைமுறையின் தன்மதிப்பு இருக்கிறது. குறையைக் கூறுவது தகுதியின்மையை ஒப்புக்கொள்வதாகக் கொள்ளப்படும் சூழலில் பணியாற்றிய பெண்களிடம் இக்குரல் அரிதன்று. அதனை மதிப்பது வேறு. அதைக்கொண்டு பல்கலைக்கழகத்தின் முடிவை நியாயப்படுத்துவது வேறு.

பட்டம் இல்லாமை வேறுபாட்டை உண்டாக்கவில்லை என்பதும் முழுமையான கூற்றன்று. பல்கலைக்கழக இயற்பியல் துறைகளின் வாயில் அதனால் குறுகியது. அவர் சென்றது அரசுத் துறைக்கு.

இறக்குமதியான மழைமானி

1945-இல் அரசின் உதவித்தொகையோடு அன்னா மணி இங்கிலாந்து சென்றார். இயற்பியல் ஆய்வைத் தொடரும் எண்ணமே இருந்தது. கிடைத்ததோ வானிலைக் கருவிகளில் பயிற்சி. இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்து மூன்றாண்டுகள் அதில் தேர்ந்தார். 1948-இல் விடுதலை பெற்ற நாட்டிற்குத் திரும்பிப் புனேயில் வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் சேர்ந்தார். எஸ். பி. வெங்கடேசுவரன் அதற்குத் தலைவராக இருந்தார்.

விடுதலைக்கு முன்பு மழைமானி, வெப்பமானி போன்ற எளிய கருவிகளும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. அவற்றை இங்கேயே செய்யும் பணி வெங்கடேசுவரனின் தொழிற்கூடத்தில் தொடங்கியிருந்தது. 1953-இல் அன்னா மணி அப்பிரிவின் பொறுப்பை ஏற்றார். அவரின்கீழ் 121 ஆண்கள் பணியாற்றினர். ஏறத்தாழ 100 வகைக் கருவிகளுக்குரிய வரைபடங்களைத் தரப்படுத்தி உற்பத்தியைத் தொடங்கிவைத்தார்.

‘வரைபடத்தைத் தரப்படுத்துதல்’ என்னும் தொடர் வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரே வரியில் கடந்துவிடப்படுகிறது. அதன் பொருளை உணர மழைமானியையே எடுத்துக்கொள்ளலாம். மழைமானி என்பது வாயகன்ற புனல், அதன்கீழ் ஒரு கொள்கலம், அளவுக்குழாய் ஆகியவற்றைக் கொண்டது. புனலின் வாய் 200 சதுர செ.மீ. பரப்புடையதாயின், 1 மி.மீ. மழைக்கு 20 கன செ.மீ. நீர் சேரும், 100 சதுர செ.மீ. ஆயின் 10 கன செ.மீ. சேரும். இந்தியாவில் நெடுங்காலம் வழங்கிய சைமன்ஸ் வகை மழைமானியின் வாய் 5 அங்குல விட்டமுடையது. பரப்பு ஏறத்தாழ 127 சதுர செ.மீ. ஒவ்வொன்றிற்கும் அதற்கேற்ப அளவுக்கோடு இட்ட குழாய் தேவை. குழாய் உடைந்து வேறொரு வகைக் குழாய் மாற்றப்பட்டால், கருவி ஓசையின்றிப் பொய் சொல்லத் தொடங்கும்.

பென்னாகரம் வட்டத்தைச் சேர்ந்த பாப்பாரப்பட்டி இதனை விளக்கப் பொருத்தமான ஊர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் அமைந்துள்ள ஊர் அது. சுற்றுவட்டாரத்தில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் மானாவாரியாக விளைகின்றன. அத்தகைய நிலத்தில் விதைப்பு, ஒரு மழை மண்ணை எவ்வளவு ஆழம் நனைத்தது என்பதைச் சார்ந்தது. உழவர் அதைக் கையால் மண்ணைத் தோண்டி அறிவார். அவருக்கு மழைமானி தேவையில்லை என்றும் கூறலாம். ஆனால் வறட்சி நிவாரணமும் பயிர்க்காப்பீடும் மண்ணைத் தோண்டிப் பார்ப்பதில்லை; பதிவேட்டில் உள்ள எண்ணையே பார்க்கின்றன. 25 மி.மீ. பெய்த மழை, 200 சதுர செ.மீ. வாயுடைய மானியில் 500 கன செ.மீ. நீராகச் சேரும். அதனை 100 சதுர செ.மீ. மானிக்குரிய குழாயால் அளந்தால் 50 மி.மீ. என்று பதிவாகும். காய்ந்த பருவம் ஏட்டில் செழித்த பருவமாகிவிடும். பிழையான அளவீட்டைவிட அளவீடே இல்லாமை மேல் என்னும் பொருளில் அன்னா மணி கூறிவந்ததாகக் குறிப்பிடப்படும் கருத்தைப் பரிபூரணப் பற்று என்று ஒதுக்குவதற்கில்லை. அளவீடு இல்லாதபோது அலுவலர் ஊருக்கு வந்து பார்க்கும் வாய்ப்பேனும் உண்டு. பிழையான எண் அவ்வாய்ப்பையும் அடைத்துவிடுகிறது.

இங்குச் சுதேசியம் என்பதன் பொருளும் மாறுகிறது. அயல்நாட்டுக் கருவிக்கு மாற்றாக உள்நாட்டுக் கருவி என்பதோடு அது முடியவில்லை. ஒரே வரைபடத்தின்படி, ஒரே தரத்தில், பழுதுற்றால் இங்கேயே மாற்றத்தக்க உறுப்புகளோடு நாடெங்கும் கருவிகள் அமைந்தால்தான் ஓரூரின் மழையை மற்றோர் ஊரின் மழையோடு ஒப்பிட இயலும். சுதேசியக் கருவிக்கு உணர்ச்சி காரணமாக அவர் சலுகை அளிக்கவில்லை என்பதும் கருதத்தக்கது. உள்நாட்டுக் கருவிகளும் உலகத் தரத்தோடு ஒப்பிடப்பட்டே ஏற்கப்பட்டன.

கதிரவனும் ஓசோனும்

1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டையொட்டிக் கதிரவ வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையமைப்பை அவர் உருவாக்கினார். சென்னையும் அவற்றுள் ஒன்று. தொடக்கத்தில் வெளிநாட்டுக் கருவிகள் பயன்பட்டன. விரைவில் கதிர்வீச்சுமானிகள் புனேயிலேயே வடிவமைக்கப்பட்டன. மழைமானியைவிட இது கடினம். மழைமானியின் வாயை அளவுகோலால் சரிபார்க்கலாம். வெப்பமின்னிரட்டையால் இயங்கும் கதிர்வீச்சுமானியை அதனினும் நம்பத்தக்க மற்றொரு கருவியோடு வெயிலில் அருகருகே வைத்தே சரிபார்க்க இயலும். அந்த மற்றொன்றையும் உலகப் படித்தரத்தோடு ஒப்பிட்டாக வேண்டும். எண்களின் நம்பகம் இவ்வாறு கருவியிலிருந்து கருவிக்குத் தொடர்கிறது. வைரத்தின் மங்கிய ஒளியை இரவெல்லாம் காத்திருந்து பதிந்தவருக்கு இது பழகிய ஒழுக்கமே. இரு கட்டங்களையும் இணைக்கும் இழை இங்குத் தெளிவாகக் காணக்கிடைக்கிறது.

1960-களில் அவர் கவனம் வளிமண்டல ஓசோன்பால் சென்றது. ஓசோன் படலம் அரிக்கப்படுவது குறித்த உலகக் கவலை எழுவதற்கு முந்தைய காலம் அது. தரையிலிருந்து மொத்த ஓசோனை அளக்கும் டாப்சன் நிறமாலை ஒளிமானி கோடைக்கானலில் இயங்கியது. உயரத்திற்கேற்ப ஓசோன் பரவியிருக்கும் விதத்தை அறியப் பலூனில் பறக்கவிடும் ஓசோன்சோண்டு தேவைப்பட்டது. பொட்டாசியம் அயோடைடு கரைசலில் காற்றைச் செலுத்தி, ஓசோனால் எழும் சிறு மின்னோட்டத்தை அளப்பது அதன் தத்துவம். இந்தியாவிலேயே அதனை உருவாக்கிய குழுவுக்கு அவர் தலைமையேற்றார். அப்போது அத்தகைய கருவியைத் தாமே செய்துகொண்ட நாடுகள் ஒருசிலவே. பன்னாட்டு ஓசோன் ஆணையத்திலும் உறுப்பினரானார். 1963-இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளுக்கிணங்கத் தும்பா ஏவுதளத்தில் வானிலை ஆய்வகமும் கருவிகள் பொருத்திய கோபுரமும் அமைத்தார்.

1969-இல் துணைத் தலைமை இயக்குநராகத் தில்லிக்கு மாற்றப்பட்டு, 1976-இல் ஓய்வுபெற்றார். பதவியுயர்வுகளை விரித்துரைப்பதற்கு இங்குத் தேவையில்லை. அதன்பின் அவர் இராமன் ஆய்வுக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக மூன்றாண்டுகள் இருந்தார் என்பதே குறிப்பிடத்தக்கது. பட்டம் பெறாத ஆய்வேடு எந்நிறுவனத்தில் இருந்ததோ அங்கேயே, அப்பட்டமின்றியே, பேராசிரியர் என்னும் பெயரைப் பெற்றார். 1980-இல் இந்தியாவின் கதிரவ வீச்சுத் தரவுக் கையேட்டையும், பின்னர் எஸ். ரங்கராஜனுடன் இணைந்து இந்தியாவின் மீதான கதிரவ வீச்சு பற்றிய நூலையும் வெளியிட்டார். 1987-இல் இந்திய தேசிய அறிவியல் கழகம் கே. ஆர். ராமநாதன் பதக்கத்தை வழங்கியது. ஓசோன் ஆய்வின் முன்னோடியும் ராமனின் தொடக்ககால மாணவருமான பாலக்காட்டுத் தமிழர் பெயரால் அமைந்த பதக்கம் அது.

காற்றின் கணக்கு

ஓய்வுக்குப்பின் அவர் மேற்கொண்ட பெரும்பணி காற்றாற்றல் அளவாய்வு. நாடெங்கும் 700-க்கும் மேற்பட்ட இடங்களில் காற்றின் வேகம் அளக்கப்பட்டுத் தொகுதிகளாக வெளிவந்தது. பெங்களூரில் காற்றின் வேகத்தையும் கதிரவ வீச்சையும் அளக்கும் கருவிகளைச் செய்யும் சிறு தொழிற்கூடத்தையும் நிறுவினார்.

காற்றாலையிலிருந்து கிடைக்கத்தக்க ஆற்றல், காற்றின் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகத்தை 10 விழுக்காடு மிகுத்து அளந்தால், ஆற்றல் ஏறத்தாழ 33 விழுக்காடு மிகுந்து கணக்கிடப்படும். பாப்பாரப்பட்டியின் மழைமானியில் நேரும் பிழை அவ்வூரோடு நிற்கும்; காற்றுவேகமானியின் சிறு பிழையோ மும்மடியாகப் பெருகி முதலீட்டையே தவறான குன்றில் கொண்டுபோய் நிறுத்தும். ஆகவே விமான நிலையங்களிலும் பழைய வானிலை நிலையங்களிலும் வேறு நோக்கத்திற்காகத் திரட்டிய காற்றுத் தரவுகள் இதற்குப் போதுமானவையாக இருக்கவில்லை. உயர்ந்த கம்பங்களை நட்டு, மணிக்கு மணி பதிவுசெய்து, பருவந்தோறும் காற்று மாறுவதைக் காட்டும் புதிய தரவுகள் வேண்டியிருந்தன.

இவ்வாய்வின் பயனை மிகுதியாகப் பெற்ற மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. தமிழகத்தின் முதற் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அமைந்தது. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து புகும் முப்பந்தல் நாட்டின் பெரிய காற்றாலைப் பரப்புகளுள் ஒன்றாக வளர்ந்தது. 1994-இல் பக்கவாதத்தால் நடமாட்டம் இழந்த அன்னா மணி, 2001 ஆகஸ்ட் 16 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். காற்றாலை அமைக்க இடந்தேர்வோர் இன்றும் முதலில் கம்பம் நட்டு அளவெடுக்கின்றனர். அதற்கு முன்பு அப்பகுதியின் பழைய அளவீடுகளைத் தேடுவோர் அவரது தொகுதிகளிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.